பயிற்சி தேடும் ஆசிரியருக்கு: கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வழிகாட்டி

நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி கரும்பலகையில் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதினாள். எப்படி வந்தது என்று கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாதுங்க டீச்சர், ஏழுல ரெண்டு போகுமுங்க" என்றாள். இந்தப் பிழையை நான் பல ஆண்டுகளாகச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி வந்திருக்கிறேன். அதற்குப் பின்னால் இவ்வளவு ஒழுங்கான ஒரு காரணம் இருக்கும் என்று கேட்டறிந்தது அன்றைக்குத்தான். அந்த ஆண்டு எந்தப் பயிற்சிக்குப் போவது, எதைத் தவிர்ப்பது, பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் என்ன கேட்பது என்பதையெல்லாம் அந்த ஒரு கணக்கே எனக்குத் தீர்மானித்துக் கொடுத்தது.

காங்கயம் பக்கத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். பணித்திறன் வளர்ச்சிக்கான வாய்ப்புகள் இன்று ஆசிரியர்களுக்குக் குறைவாக இல்லை. எது நமக்கு வேண்டும் என்று தெரியாமல், வந்த சுற்றறிக்கைக்கெல்லாம் போய்க் கையெழுத்திட்டுத் திரும்புவதுதான் நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆகவே வாய்ப்புகளின் பட்டியலுக்குப் போகும் முன் ஒரு வேலையைச் செய்யச் சொல்வேன். ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, ஒரு மாதத்திற்கு, நாள்தோறும் பள்ளி விட்டபின் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்று எந்த இடத்தில் எந்தக் குழந்தை தடுமாறியது என்பதை மட்டும் எழுதுங்கள். "கணக்கில் பின்தங்கியுள்ளான்" என்று எழுதினால் பயனில்லை. அவன் எழுதிய விடையையும் சொன்ன காரணத்தையும் அப்படியே எழுத வேண்டும். மாத முடிவில் புரட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும்.

இந்தக் கேள்விகள் ஊருக்கு ஊர் மாறும். திருப்பூரில் பனியன் நிறுவனங்களை ஒட்டிய பள்ளியில், ஒடியாவோ இந்தியோ பேசும் குழந்தைக்குத் தமிழ் எழுத்தை எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வியாக இருக்கும். தாளவாடி மலையில் வீட்டில் கன்னடம் பேசிவிட்டு வரும் குழந்தைகளுக்கு வேறு ஒரு கேள்வி. பர்கூர், கடம்பூர் மலைப்பள்ளிகளில் வருகையே முதல் கேள்வியாகிவிடும். ஒரே பயிற்சிக் கட்டகம் (மாட்யூல்) எல்லோருக்கும் பொருந்தாது என்று குறைப்படுவதைவிட, நம் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டகத்திற்குள் நுழைவது நல்லது.

முதலில் பக்கத்தில் இருப்பவை

மிக அருகில் இருப்பது குறுவள மையக் கூட்டம். நாம் எல்லோரும் சி.ஆர்.சி. என்றே சொல்லிப் பழகிய அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி நல்ல பெயர் கிடையாது என்பதை அறிவேன். கருத்தாளர் திரையில் உள்ளதை வாசிக்க, நாம் அலைபேசியைப் பார்க்க, தேநீர் வர, வருகைப் பதிவோடு முடிந்துபோன கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பத்துப் பதினைந்து பள்ளிகளின் ஒரே வகுப்பு ஆசிரியர்கள் ஒரே அறையில் உட்காரும் இடம் வேறு எதுவும் இல்லை. அதைப் பயன்படுத்தும் வழி எளியது. இரண்டு குழந்தைகளின் கணக்கு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கலந்துரையாடல் என்று அரை மணி நேரம் விடுவார்கள், அப்போது நோட்டைத் திறந்து, "இந்தக் குழந்தை இப்படி எழுதுகிறது, உங்கள் வகுப்பில் எப்படி?" என்று பக்கத்து ஆசிரியரிடம் கேளுங்கள். நான் கேட்டபோது நான்கு பேர் தங்கள் வகுப்பிலும் இதே பிழை என்றார்கள். ஒருவர் மட்டும் தாம் அதை எப்படிக் கடந்தார் என்று சொன்னார். அவர் சொன்னதைப் பின்னால் எழுதுகிறேன்.

அடுத்தது வட்டார வள மையம். அங்குள்ள ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளிப் பார்வைக்கு வரும்போது பதிவேடுகளைக் காட்டி அனுப்பிவிடும் வழக்கத்தை மாற்றி, குறிப்பிட்ட ஒரு பாடத்தை அவர்களையே நம் வகுப்பில் எடுக்கச் சொல்லிப் பார்க்கலாம். பெரும்பாலோர் மறுப்பதில்லை; பலருக்கு வகுப்பெடுக்கக் கிடைத்ததே என்று மகிழ்ச்சியாகவும் இருக்கிறது. தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தையும் கணக்கையும் உறுதிசெய்ய 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைப்படுத்தி ஒரே நேரத்தில் கற்பிப்பதில் உள்ள நடைமுறைச் சிக்கலை, பயிற்சிக் கூடத்தில் கேட்டுப் புரிந்துகொள்வதைவிட, நம் வகுப்பில் ஒருவர் செய்து காட்டப் பார்ப்பதில் பத்து மடங்கு விளங்கும்.

மூன்றாவது, நாம் டயட் என்று அழைக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக உருவான அமைப்பு இது. ஈரோடு மாவட்டத்திற்குப் பெருந்துறையிலும், உடுமலைப் பக்கம் திருமூர்த்தி நகரிலும், கரூருக்கு மாயனூரிலும், சேலத்திற்கு உத்தமசோழபுரத்திலும் உள்ளன. பயிற்சிக்கு அழைத்தால் மட்டும் போகும் இடமாக இதை நினைக்க வேண்டாம். அங்குள்ள விரிவுரையாளர்கள் ஆண்டுதோறும் ஆய்வுகள் செய்கிறார்கள். ஆய்வுக்கு வகுப்பறைகளும் ஒத்துழைக்கும் ஆசிரியர்களும் அவர்களுக்குத் தேவை. உங்கள் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி, தலைமையாசிரியர் வழியாக, அந்தப் பாடத்திற்குரிய விரிவுரையாளருக்கு அனுப்புங்கள். கல்வியாண்டின் தொடக்கமாகிய ஜூன், ஜூலையில் அனுப்புவதே சரி. பொங்கலுக்குப் பின் அனுப்பினால் அவர்களுக்கும் நேரமிருக்காது, நமக்கும் இருக்காது.

இங்கே ஈராசிரியர் பள்ளியின் துன்பத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும். "ஏனுங் டீச்சர், நாளைக்கும் மீட்டிங்குங்களா?" என்று ஒரு தாய் வாசலில் நின்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அதன்பின் நாங்கள் இருவரும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். யார் போகிறாரோ அவர், தம் வகுப்புகளுக்கான அன்றைய செயல்தாள்களை முதல் நாளே எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். மறுநாள் மதிய உணவு வேளையில் அரை மணி நேரம், தாம் கற்றதை மற்றவருக்குச் சொல்ல வேண்டும். இதனால் ஒரு பயிற்சியின் பலன் இருவருக்குக் கிடைக்கிறது. சொல்ல எதுவுமில்லாமல் திரும்பிய நாள்களும் உண்டு. அந்தப் பயிற்சி எப்படிப்பட்டது என்பது இருவருக்கும் விளங்கிவிடும்.

செயலாராய்ச்சி: ஒரு கணக்கை வைத்து

ஆசிரியருக்குக் கிடைக்கும் வாய்ப்புகளிலேயே செலவில்லாததும் பலன் மிக்கதும் செயலாராய்ச்சி என்பது என் கருத்து. ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டே பலர் ஒதுங்குகிறார்கள். அது முனைவர் பட்டத்திற்கான வேலை அன்று. நம் வகுப்பில் உள்ள ஒரு குறையை நாமே அளந்து, ஒரு மாற்றத்தைச் செய்து, மறுபடி அளப்பதுதான்.

கழித்தல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முதலில் பத்துக் கணக்குகள் கொண்ட ஒரு சிறு தேர்வு. ஐந்து கணக்குகளில் கடன் வாங்கத் தேவையில்லை. 58 – 23 போன்றவை. மீதி ஐந்தில் கடன் வாங்க வேண்டும். 52 – 27, 40 – 16 போன்றவை. முதல் ஐந்தைச் சரியாகவும் அடுத்த ஐந்தைத் தவறாகவும் செய்த குழந்தைகளைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குக் கழித்தல் தெரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பது மனத்தில் படியவில்லை. ஆகவே அவர்கள் ஐந்தையும் இரண்டையும் தனித்தனி எண்களாகப் பார்த்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறார்கள்.

குறுவள மையத்தில் அந்த ஆசிரியர் சொன்னது இதுதான். தென்னை ஈர்க்குச்சிகளை விரல் நீளத்திற்கு நறுக்கி, பத்துப் பத்தாகக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு ரப்பர் வளையம் வேண்டாம், அது அறுந்துவிடும். பனியன் கழிவுத்துணியைக் கிழித்த நாடா போதும், திருப்பூர்ப் பக்கம் அது கிடைக்காத வீடு கிடையாது. குழந்தையின் முன் ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் வைத்து, "இருபத்தேழு எனக்குக் கொடு" என்று கேட்க வேண்டும். இரண்டு கட்டுகளைக் குழந்தை உடனே நீட்டிவிடும். ஏழு குச்சிக்குக் கையில் இருப்பது இரண்டே. இந்த இடத்தில் நாம் எதையும் சொல்லக் கூடாது என்று அவர் வற்புறுத்தினார். சொல்லாமல் இருப்பது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. என் வகுப்பில் அந்தப் பெண் கொஞ்ச நேரம் குச்சிகளையே பார்த்திருந்துவிட்டு, "ஒரு கட்ட அவுத்துக்கலாமுங்களா டீச்சர்?" என்று கேட்டாள். கடன் வாங்குதல் என்று நான் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒரு முடிச்சை அவிழ்த்துக் கண்டுபிடித்தாள்.

இரண்டு வாரம் இப்படிக் குச்சியோடும், பின்பு குச்சியைப் படமாக வரைந்தும், அதன்பின் எண்ணாக மட்டும் எழுதியும் செய்யவிட்டு, முதலில் வைத்த தேர்வைப் போன்ற வேறு பத்துக் கணக்குகளைக் கொடுத்து அளக்க வேண்டும். முன்னும் பின்னும் எத்தனை பேர், யார் யார் மாறினார்கள், யார் மாறவில்லை என்பதை அட்டவணையாக எழுதினால் அறிக்கையின் பாதி முடிந்தது. மாறாத குழந்தைகளைப் பற்றி எழுதும் பகுதியை விட்டுவிடக் கூடாது. படிப்பவருக்கு அதிகம் கற்றுத்தருவது அந்தப் பகுதிதான். எல்லோரும் நூற்றுக்கு நூறு தேறிவிட்டதாக எழுதிய அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு ஐயமே வருகிறது. ஐந்தாறு பக்கம் போதும். அதை விரிவுரையாளரிடம் காட்டித் திருத்தம் வாங்கினால், பயிற்சி நிறுவனங்கள் நடத்தும் கருத்தரங்குகளில் படிக்கத் தகுந்த கட்டுரையாகிவிடும்.

இணையவழிப் பயிற்சிகள்

2017இல் தொடங்கிய, மத்திய அரசின் இணையக் கற்றல் தளமான தீக்‌ஷா தளத்திலும், ஆசிரியர்களுக்காக 2019இல் தொடங்கிய நிஷ்டா பயிற்சியிலும் நம்மில் பெரும்பாலோர் கணக்கு வைத்திருக்கிறோம். நிஷ்டாவில் தொடக்கநிலைக்கு 18 கட்டகங்களும், அடிப்படை எழுத்தறிவு எண்ணறிவுக்கு 12 கட்டகங்களும் வந்தன. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பணித்திறன் வளர்ச்சி என்று சொல்கிறது. அக்கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. ஆயினும் ஒருவர் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் அளவாக அந்த எண் தவறானதன்று. வாரத்திற்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலே ஏறத்தாழ அந்தக் கணக்கு வந்துவிடும்.

இரவு பத்து மணிக்குக் காணொளியை ஓடவிட்டுவிட்டுத் துணி மடிக்கும் முறையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதைக் குறைசொல்லும் தகுதி எனக்கும் இல்லை. அப்படி முடித்தால் கிடைப்பது சான்றிதழ் மட்டுமே. அதற்குப் பதிலாக, கட்டகங்களின் தலைப்புகளை முதலில் பார்த்து, உங்கள் நோட்டில் உள்ள கேள்விக்கு நெருக்கமான இரண்டை மட்டும் ஊன்றிப் படியுங்கள். நடைமுறையில் சில எச்சரிக்கைகள் உண்டு. சான்றிதழில் வரும் பெயர் நம் கணக்கில் உள்ள பெயரே; முன்னெழுத்தும் எழுத்துக்கூட்டலும் பணிப்பதிவேட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று தொடங்கும் முன்பே பாருங்கள். மலைப்பகுதியில் இருப்பவர்கள் வார இறுதியில் அந்தியூருக்கோ சத்தியமங்கலத்துக்கோ இறங்கும்போது கட்டகங்களைப் பதிவிறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கலாம். இறுதி மதிப்பீட்டிற்கான வாய்ப்புகள் வரையறுக்கப்பட்டவை என்பதால், படிக்காமல் முயன்று பார்ப்பது வேண்டாம். சான்றிதழ் வந்தவுடன் பதிவிறக்கி மின்னஞ்சலிலும் ஒரு படியை வையுங்கள். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டு, கடவுச்சொல்லை மறந்து அலைந்தவர்கள் எங்கள் ஒன்றியத்திலேயே பலர்.

ஊரைத் தாண்டி

வெளியூர்ப் பயிற்சிகளில் நம் பகுதிக்கு மிக வசதியானது மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனம். 1963இல் தொடங்கப்பட்ட இது தென் மாநிலங்களுக்கானது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறி, 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சாமராஜநகர் வழியாகப் பேருந்திலேயே போய்விடலாம். புலிகள் காப்பகச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் பகலில் கிளம்ப வேண்டும். குழந்தைகளின் மனநலத்தில் நாட்டம் உள்ளவர்களுக்கு, வழிகாட்டுதல் மற்றும் ஆலோசனைக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பை இந்நிறுவனம் வழங்கி வந்திருக்கிறது. அதில் ஒரு பகுதியை அஞ்சல்வழியிலும், ஒரு பகுதியை நேரிலும், ஒரு பகுதியை நம் ஊரிலேயே களப்பயிற்சியாகவும் முடிக்க வேண்டும்.

ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குப் பெங்களூருவில் உள்ள தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தின் 30 நாள் பயிற்சி பயனுள்ளது. ஒரு மாதம் தங்கிப் படிக்க வேண்டியிருப்பதால், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் தயங்குவது இயல்பு. வீட்டில் பேசி முடிவெடுத்தபின் பெயர் கொடுப்பது நல்லது, ஏனென்றால் கடைசி நேரத்தில் விலகினால் வேறொருவரின் இடமும் வீணாகிறது. 1979இல் தொடங்கப்பட்ட பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம், பொம்மலாட்டம் உள்ளிட்ட கலைகளைப் பாடத்தோடு இணைக்கும் பயிலரங்குகளை நடத்துகிறது; தென்பகுதிக்கான அதன் மையம் ஐதராபாத்தில் உள்ளது. இவற்றுக்கெல்லாம் நாமே நேரடியாகப் போய்ச் சேர முடியாது. துறை வழியாகப் பெயர் போக வேண்டும். சுற்றறிக்கை வந்து இரண்டு நாளில் பெயர் கேட்பார்கள் என்பதால், விருப்பத்தை முன்கூட்டியே தலைமையாசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து வைத்திருப்பவருக்கே வாய்ப்பு அதிகம்.

உள்ளூரில் உள்ள இடங்களையும் நாம் மறந்துவிடுகிறோம். சமூக அறிவியல் ஆசிரியர் சென்னிமலையை அடுத்து நொய்யலின் வடகரையில் அகழாய்வு நடந்த கொடுமணலுக்கு ஒருமுறை போய்வந்தால், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும், மணி செய்தவர்களின் தொழிலையும், இரும்பு உருக்கிய உலைகளையும் பற்றிப் பாடமெடுக்கும் குரலே மாறும். கோவையில் 1902இல் திறக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகமும், ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையமும் அறிவியல் ஆசிரியருக்கு அப்படியே. மாணவர்களை அழைத்துப் போகும் முன், விடுமுறையில் ஆசிரியர் தனியே ஒருமுறை போய், மூன்று கேள்விகளோடு சுற்றிப் பார்த்துவர வேண்டும்; மாணவர் கூட்டத்தோடு போகும் நாளில் தலை எண்ணுவதற்கே நேரம் சரியாகிவிடும்.

பட்டம், தகுதித்தேர்வு, தாள்கள்

மேற்படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதலியவற்றில் பணியில் இருந்துகொண்டே படிக்கலாம். சேரும் முன் துறையின் முன் அனுமதியை எழுத்தில் பெறுங்கள்; அனுமதி இல்லாமல் முடித்த பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றப் பின்னால் படும் பாடு பெரிது. மேற்படிப்புக்கான ஊக்க ஊதிய உயர்வு பழைய முறையில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், 2020 மார்ச் 10ஆம் நாளிட்ட அரசாணையால் அது நிறுத்தப்பட்டதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பணத்திற்காகப் படிக்க நினைப்பவர்கள் நடப்பு விதியைக் கேட்டறிந்தபின் கட்டணம் கட்டட்டும்.

என்னைக் கேட்டால், இன்று நம் பள்ளிகளுக்கு மிகத் தேவையானது சிறப்புக் கல்வி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. நாம் மந்தம் என்று ஒதுக்கிய குழந்தைகளில் சிலருக்கு உதவி தேவைப்பட்டிருக்கிறது என்பது பிறகு தெரியவரும்போது மனம் வலிக்கிறது. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்திலும், கோவை அவினாசிலிங்கம் நிறுவனத்திலும் இத்துறையில் படிப்புகள் உள்ளன. எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஆசிரியர் தகுதித்தேர்வு இப்போது பணியில் உள்ளவர்களுக்கும் கவலையாகிவிட்டது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித்தேர்வில் தேற வேண்டும் என்றும், ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேறாமல் பதவி உயர்வு பெற முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு வகுப்பெடுத்தவரை மறுபடி தேர்வறையில் உட்கார வைப்பது சரியா என்ற மனக்குறை எனக்கும் உண்டு. ஆயினும் சங்கங்கள் எடுக்கும் முயற்சியை நம்பி நாள்களைக் கடத்தாமல், படிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. தொடக்கநிலை ஆசிரியருக்கான முதல் தாளில் மொத்தம் 150 வினாக்கள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், மொழி, ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதிகளுக்கும் தலா 30. கடைசி மூன்றும் மொழியும் நாம் நாள்தோறும் எடுப்பவை. எனவே குழந்தை வளர்ச்சிப் பகுதியில் தொடங்குங்கள். செயலாராய்ச்சி செய்தவருக்கு அந்தப் பகுதியின் பல வினாக்கள் தம் வகுப்பிலிருந்தே எடுத்ததுபோல் தோன்றும்.

கடைசியாகத் தாள்களைப் பற்றி. ஒரு கோப்பில் ஆண்டுவாரியாகப் பணிவிடுவிப்பு ஆணை, வருகைச் சான்று, சான்றிதழ் ஆகியவற்றை அடுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால், அந்தப் பயிற்சியால் வகுப்பில் என்ன மாற்றினீர்கள் என்று நான்கு வரி எழுதிய தாள் ஒன்றும் இருக்கட்டும். விருதுக்கோ வெளிநாட்டுக் கல்விப் பயணத்திற்கோ விண்ணப்பிக்கும் நாளில் ஆதாரம் கேட்பார்கள். பள்ளிக்கல்வித் துறையின் தேர்வில் கனவு ஆசிரியராகத் தேர்வானவர்கள் 2024இல் பிரான்சு வரை போய்வந்ததைப் பார்த்தோம். விண்ணப்பப் படிவம் வந்தபின் பத்து ஆண்டுகளின் தாள்களைப் பரணில் தேடுவது இயலாத காரியம். என் கோப்பில் முதல் தாளாக இருப்பது சான்றிதழ் அன்று; 52 – 27 = 35 என்று அந்தப் பெண் எழுதிய நோட்டுப் பக்கத்தின் நகல். இந்த ஆண்டு பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். ஈர்க்குச்சிக் கட்டுகளை இப்போது அவளுடைய தம்பி அவிழ்த்துக்கொண்டிருக்கிறான்.